மெம்பர்ஷிப் நடத்தப் போகிறீர்களா? உங்கள் மோசமான வாரத்திலிருந்து அட்டவணை போடுங்கள்

முதல் மாதம் 12 பதிவு. இரண்டாம் மாதம் 7. மூன்றாம் மாதம் 2. நான்காம் மாதம் ஒரு மன்னிப்புக் கடிதம். மாதச் சந்தா வாங்கி நடத்தும் சேனல்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். சோம்பல் இதற்குக் காரணமில்லை. தொடக்க உற்சாகத்தில், லீவு போட்டுக்கொண்டு உட்கார்ந்த வாரத்தில் எவ்வளவு முடிந்ததோ, அதையே வருஷம் முழுக்கத் தருவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். காய்ச்சல் வரும் வாரமும் ஊரில் கல்யாணம் வரும் வாரமும் அந்தக் கணக்கில் இருப்பதில்லை.

கணக்கு கையில் பிடிபட ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போய்க்கொண்டே தமிழில் மாடித்தோட்டச் சேனல் நடத்துபவர். யூடியூபில் பொது வீடியோ போடுகிறார், அதோடு கட்டணம் கட்டும் மெம்பர்களுக்குத் தனிப் பதிவும் தரப்போகிறார். சமையல், தேர்வுப் பயிற்சி, இசை வகுப்பு என்று உங்கள் துறை எதுவானாலும் மணிக்கணக்கு மாறுமே தவிர, வழி இதேதான்.

முதலில் நான்கு வாரம் நேரத்தை எழுதுங்கள்

மெம்பர்ஷிப்பை அறிவிப்பதற்கு முன் நான்கு வாரம், செய்த வேலையையும் ஆன நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மனக்கணக்கு உதவாது. எடிட்டிங் இரண்டு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் எழுதிப் பார்த்தால் நான்கைத் தொடும். போன் மெமரி நிறைந்து ஃபைல்களை மாற்றிய அரை மணி, காற்றுச் சத்தம் விழுந்ததால் மறுபடி பேசிய முக்கால் மணி எல்லாம் யாரும் எண்ணாமல் போகிற நேரங்கள்.

பத்து நிமிட வீடியோ ஒன்றுக்குத் தனி ஆளாக வேலை செய்தால் ஏறக்குறைய இப்படி ஆகும்: குறிப்பு எழுத 1.5 மணி, ஷூட் 2.5 மணி, எடிட்டிங் 4 மணி, தம்ப்நெயில், தலைப்பு, அப்லோட் 1 மணி, சில்லறை வேலைகள் 1 மணி. மொத்தம் 10 மணி நேரம். ஆறேழு நிமிடக் குரல்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இந்த வித்தியாசம்தான் அட்டவணையின் அச்சு. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

நான்கு வாரம் முடிந்ததும் அதில் மிகக் குறைவான நேரம் கிடைத்த வாரத்தை எடுங்கள். சராசரியை எடுக்காதீர்கள். நம் தோட்டக்காரருக்கு நல்ல வாரத்தில் 11 மணி நேரம் கிடைக்கிறது, மோசமான வாரத்தில் 7 மணி நேரம். அப்படியானால் மாதத்துக்கு அவரிடம் இருப்பது 28 மணி நேரம். அதில் முக்கால் பங்கு, அதாவது 21 மணி நேரம், வாக்குக் கொடுக்க. மிச்சமுள்ள 7 மணி நேரத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. கையிருப்பு, அதாவது முன்கூட்டியே முடித்து வைக்கும் பதிவுகள், சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் அதற்குள்தான் நடக்க வேண்டும்.

21 மணி நேரத்தில் என்ன அடங்கும்

புதியவர்கள் தவறும் இடம் இது. மெம்பர்களுக்கு என்ன தருவது என்பதை மட்டும் கணக்குப் போடுவார்கள். பொது வீடியோ நின்றால் புது ஆட்கள் வர மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் சிலர் விலகுவது எந்தச் சேனலிலும் நடப்பது, அந்த இடத்தை நிரப்ப ஆளில்லாமல் போகும். ஆகவே இலவசமாகப் போடும் வீடியோவும் சந்தா வேலையின் ஒரு பகுதிதான். அதன் நேரத்தையும் இந்தக் கணக்கிலேயே கழிக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் மாதம் இப்படிப் பிரிகிறது: பொது வீடியோ ஒன்று, 10 மணி. அதே ஷூட்டில் கூடுதலாக எடுத்ததை வைத்து மெம்பர்களுக்கான விரிவான வீடியோ ஒன்று, 3 மணி. குரல்பதிவு இரண்டு, 3 மணி. மாதம் ஒரு கேள்வி பதில் லைவ், தயாரிப்பையும் சேர்த்து 2 மணி. கமென்ட்களுக்குப் பதில், வாரம் முக்கால் மணி வீதம் 3 மணி. கூட்டினால் 21.

பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் மெம்பர் கையில் மாதம் நான்கு விஷயம் சேர்கிறது, ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. காசு கட்டியவருக்கும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். பார்க்காத வீடியோ எட்டுப் பத்து குவிந்துவிட்டால், ‘இதெல்லாம் பார்க்கவே நேரமில்லை, எதற்குக் கட்டுகிறோம்’ என்றுதான் தோன்றும். குறைவாகத் தந்து ஆளை இழப்பது போலவே, திணித்தும் இழக்கலாம்.

ஒரே ஷூட்டிலிருந்து இரண்டு மூன்று பதிவு எடுக்கப் பழகுங்கள். மாவுப்பூச்சி பற்றிய பொது வீடியோவில் பூச்சியை அடையாளம் காண்பதும் வேப்பெண்ணெய் தெளிப்பதும் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. எண்ணெய், கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு, அவ்வளவு. மெம்பர் வீடியோவில் அதே செடி முதல் நாள், நான்காம் நாள், பத்தாம் நாள் எப்படி இருந்தது, எந்தத் தொட்டியில் பலிக்கவில்லை, இலையின் அடிப்பக்கம் தெளிக்காமல் விட்டதால் என்ன ஆனது என்பது வரட்டும். குரல்பதிவில் அதையொட்டி வந்த நான்கு கேள்விக்குப் பதில். கேமராவைத் தூக்கியது ஒரே தடவை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஷூட்டுக்குப் போகும் முன்பே எது பொது, எது மெம்பருக்கு என்று தாளில் இரண்டு பத்தியாக எழுதியிருக்க வேண்டும். எடிட்டிங் மேஜையில் பிரிக்க உட்கார்ந்தால் இரண்டும் அரைகுறையாகும்.

வாக்கை ‘வாரம்’ என்று எழுதாதீர்கள்

‘வாரம் ஒரு பதிவு’ என்று எழுதினால் ஆண்டுக்கு 52. ‘மாதம் மூன்று பதிவு’ என்று எழுதினால் 36. நடுவில் உள்ள 16 பதிவுதான் உங்கள் லீவு. பொங்கல் வாரமும் தீபாவளி வாரமும் பிள்ளைகளின் பரீட்சையும் அதற்குள் அடங்கிவிடும். உங்களுக்குள் செவ்வாய்க்கிழமை காலை என்று நாள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை அதைக் காப்பாற்றுங்கள். ஆனால் மெம்பர்ஷிப் விவரத்தில் எழுதுவது மாத எண்ணிக்கை மட்டுமாக இருக்கட்டும், அதுவும் ‘குறைந்தது’ என்ற சொல்லோடு. எந்தெந்த வாரம் பதிவு வராது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். முன்கூட்டிச் சொன்ன விடுமுறைக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

கட்டணப் படிகளை, அதாவது தொகைக்கு ஏற்ப வேறு வேறு சலுகை தரும் நிலைகளை, ஒன்றோடு நிறுத்துங்கள். மூன்று படி வைத்தால் மூன்று அட்டவணை. மேல்படியில் நான்கு பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்காகத் தனி வேலை மட்டும் முழுசாக இருக்கும். யூடியூப், ரசிகர்களிடம் சந்தா வாங்க உதவும் தளமான பேட்ரியான், இரண்டிலும் பிறகு படி சேர்ப்பது எளிது. இருக்கும் படியை எடுப்பதுதான் மனஸ்தாபம்.

ஆள் கூடக் கூட வேலையும் கூடுகிற சலுகைகளைக் கண்டால் ஒதுங்குங்கள். ‘மாதம் ஒருமுறை உங்கள் தோட்டத்தைப் பார்த்து 15 நிமிடம் ஆலோசனை’ என்பது பத்து மெம்பர் இருக்கும்போது இரண்டரை மணி நேரம். நாற்பது பேர் ஆனால் 10 மணி நேரம். சேனல் வளர்வதே தண்டனையாகிவிடும். தபாலில் விதைப் பொட்டலம் அனுப்புவதும் இதே சாதிதான்: மடிக்க, விலாசம் எழுத, வரிசையில் நிற்க, வரவில்லை என்றவருக்கு மறுபடி அனுப்ப. ஆசையாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஆடிக்கு முன் அனுப்புங்கள். அதை வாக்காக எழுதாதீர்கள். லைவ் அப்படியல்ல. பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அதே ஒரு மணி நேரம்.

வாட்ஸ்அப் குழு தனி எச்சரிக்கை. தொடங்கும்போது குடும்பம் மாதிரி இருக்கும். மூன்றாம் வாரத்தில் ராத்திரி 11 மணிக்கு மஞ்சள் இலைப் படம் வரும், பதில் வராவிட்டால் கேள்விக்குறி வரும். பதில் சொல்ல புதன் அரை மணி, ஞாயிறு கால் மணி என்று வைத்துக்கொண்டு, தளத்தின் மெம்பர் பதிவுக்குக் கீழேயே பேசுங்கள். ஒருவருக்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் பயன்படும், சொந்த எண்ணும் வெளியே போகாது.

பணம் பிடிக்கும் தேதியைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

யூடியூப் மெம்பர்ஷிப்பில் அவரவர் சேர்ந்த தேதியில் ஒவ்வொரு மாதமும் பணம் போகும். எனவே யாரோ ஒருவருக்கு எப்போதும் ‘நாளை பணம் போகும்’ என்ற நாள் வந்துகொண்டே இருக்கும். இந்தியாவில் இன்னொன்றும் சேர்கிறது. 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் சந்தாவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்தச் செய்தியைப் பார்ப்பவர் மனதில் வருகிற முதல் கேள்வி, ‘கடைசியாக என்ன வந்தது?’ மூன்று வாரம் மௌனமாக இருந்துவிட்டு 28, 29, 30 தேதிகளில் நான்கையும் கொட்டினால், 20-ஆம் தேதிக்காரர் அதற்குள் விலகியிருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பரப்புங்கள். நம் தோட்டக்காரருக்கு: 3-ஆம் தேதி வாக்கில் குரல்பதிவு, 10-ஆம் தேதி வாக்கில் மெம்பர் வீடியோ, 18-ஆம் தேதி வாக்கில் இரண்டாம் குரல்பதிவு, மாதத்தின் கடைசி ஞாயிறு லைவ்.

லைவுக்கு ஞாயிறு மாலை 7 மணி நல்ல நேரம். யாழ்ப்பாணத்திலும் அதே 7 மணி, சிங்கப்பூரில் இரவு 9.30, லண்டனில் பருவத்தைப் பொறுத்துப் பகல் 1.30 அல்லது 2.30, டொரண்டோவில் காலை 8.30 அல்லது 9.30. எல்லோரும் விழித்திருக்கும் நேரம். டொரண்டோக்காரருக்கு ஆடிப்பட்டம் உதவாது, பேச்சுக் கேட்க வருவார்.

ஆண்டுச் சந்தாவை உடனே திறக்காதீர்கள். பன்னிரண்டு மாதப் பணம் ஒன்றாக வருவது வருமானம் போலத் தெரியும், ஆனால் அதில் பதினொரு மாதம் கடன். ஆறு மாதம் அட்டவணையைக் காப்பாற்றிய பிறகு திறக்கலாம். வந்த தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் ஒரு பங்குக்கு மேல் தொடாமல் இருங்கள். நிறுத்த நேர்ந்தால் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்கும்.

கையிருப்பு: கெடாத சரக்கும் கெடும் சரக்கும்

தொடங்கும் நாளிலேயே ஒரு மெம்பர் வீடியோவும் இரண்டு குரல்பதிவும் முடிந்து, அப்லோட் ஆகி, வெளியிடாமல் இருக்க வேண்டும். ‘பாதி எடிட் ஆகியிருக்கிறது’ என்பது கையிருப்பு இல்லை. காய்ச்சலோடு படுத்திருப்பவர் ஒரு பட்டனை அழுத்தினால் வெளியாக வேண்டும், அதுதான் கையிருப்பு.

எதைச் சேர்த்து வைப்பது என்பதில் கவனம் வேண்டும். ‘இந்த வாரம் விதையுங்கள்’ என்று பேசிய பதிவு இரண்டு மாதம் கழித்துக் குப்பை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய தொழுவுரம் சம பங்கு கலக்கும் முறை, பை எந்த அளவு எந்தச் செடிக்கு, விதை எடுத்துக் காயவைத்துச் சேமிப்பது, வாளியில் காய்கறிக் கழிவை மட்க வைப்பது போன்றவை எந்த மாதமும் செல்லும். அவற்றில் ‘போன வாரம்’, ‘இப்ப மழை சீசன்’, ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று ஒரு சொல்கூட விழாமல் பேசுங்கள். ஒரு வார்த்தையால் பதிவு முழுதும் பழசாகிவிடும்.

கையிருப்பிலிருந்து எடுத்ததைத் திரும்ப நிரப்பும்வரை புது யோசனை எதற்கும் கை வைக்கக்கூடாது. மறைத்து வைத்த அந்த 7 மணி நேரம் முதலில் இதற்குத்தான்.

குரல்பதிவுகளை ஒரே அமர்வில் நான்கு செய்துவிடலாம், இரண்டு மாதத்துக்கு ஆகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினால் குரல் தளர்வது கேட்பவருக்குத் தெரியும், நான்கோடு நிறுத்துங்கள். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, விடியற்காலை, துணி நிறைந்த அலமாரி உள்ள அறையில் பேசினால் போன் மைக்கே போதும். ஆடியிலும் மார்கழியிலும் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன் எழுந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்கான குரல்பதிவை முன் மாதமே முடிப்பது புத்திசாலித்தனம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்னறிவிப்போடுதான் வரும், அந்தத் தேதியில் அப்லோட் வைக்காதீர்கள். எதையும் வெளியிட வேண்டிய நாளில் அப்லோட் செய்யாமல், இரண்டு நாள் முன்பே ஏற்றி, யூடியூப் ஸ்டூடியோவில் தேதியும் நேரமும் கொடுத்துவிடுங்கள். ஏற்றும்போது ‘மெம்பர்களுக்கு மட்டும்’ என்பது தேர்வாகியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். மெம்பர் வீடியோ ஒரு மணி நேரம் பொதுவில் கிடந்தாலும் கட்டியவர்களுக்குக் கோபம் வரும், நியாயமும்கூட.

பருவத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மாடித்தோட்டத்துக்கு இது உயிர். மற்றத் துறைகளிலும் ஏதோ ஒரு பருவம் இருக்கும்: தேர்வு, பண்டிகை, மாணவர் சேர்க்கை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். அன்றைக்கு வீடியோ போட்டால் யாருக்கும் பயனில்லை. பையும் மண்ணும் விதையும் வாங்க மெம்பருக்கு இரண்டு வாரம் வேண்டும், ஆக ஜூலை முதல் வாரம் வெளியீடு. எடிட்டிங்குக்கு ஒரு வாரம், ஷூட் ஜூன் கடைசி வாரத்தில். ஆனால் ஜூன் கடைசியில் உங்கள் மாடியில் ஆடிப்பட்டச் செடி இருக்காது. நாற்று 25, 30 நாளில் எப்படி நிற்கும், வெண்டை 45-ஆம் நாள் வாக்கில் எப்படிக் காய்க்கும் என்று காட்டப் போன வருஷக் காட்சிதான் வேண்டும்.

அதனால் ஞாயிறுதோறும் ஒவ்வொரு செடியையும் ஒரே கோணத்தில் 30 வினாடி எடுத்து வையுங்கள். பத்துச் செடிக்கு ஐந்து நிமிடம். ஃபைலின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ஆண்டு, மாதம், நாள், பிறகு செடி, பை எண். அடுத்த ஆண்டு தேடும்போது தேதி வரிசையில் தானாக நிற்கும். இந்த ஐந்து நிமிடம் செலவழித்தவருக்கு இரண்டாம் ஆண்டில் பாதி ஷூட் ஏற்கெனவே முடிந்திருக்கும். முதல் ஆண்டில் இந்தச் சேமிப்பு இல்லாததால் பருவப் பதிவுகளைக் குறைத்துக்கொண்டு, எப்போதும் செல்லும் பதிவுகளை அதிகம் வைப்பது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஞாயிறு ஷூட் என்று வைத்திருந்தால் மூன்றில் ஒன்று மழையில் போகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் எடுக்கக்கூடியதை ஒதுக்குங்கள்: கருவிகள், செலவுக் கணக்கு, விதைத் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் காலை 8 மணிக்குள் ஷூட் முடியாவிட்டால் போன் சூடாகி நின்றுவிடும், வெயிலில் பச்சை நிறமும் வெளுத்துப் போகும்.

தவறிவிட்டால்

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒரு மாதம் தவறும். கையிருப்பும் தீர்ந்திருக்கும். அப்போது எல்லோரும் செய்யும் தப்பு, ‘அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்பது. ஒரு மாத வேலைக்கே நேரம் கிடைக்காதவருக்கு அடுத்த மாதம் இரண்டு மாத வேலை எங்கிருந்து நடக்கும்? அதுவும் தவறும், மூன்றாம் மாதம் மூன்று மடங்கு நிற்கும், பிறகு சேனலைத் திறக்கவே கூச்சமாகிவிடும். விட்டது விட்டதுதான். வட்டி கட்டாதீர்கள்.

தெரிந்தவுடன், வெளியீட்டு நாளுக்கு முன்பாகவே, இரண்டு மூன்று வரி போதும்: ‘இந்த வாரக் குரல்பதிவு வராது. உடல்நிலை சரியில்லை. அடுத்தது மெம்பர் வீடியோ, 19-ஆம் தேதி காலை.’ நீண்ட விளக்கம் எழுதினால் ஆறுதல் சொல்லும் வேலை மெம்பர் தலையில் விழுகிறது. மாதம் முழுக்கவே எதுவும் தர முடியாது என்று தெரிந்தால், பணம் வாங்காமல் இருப்பதே நேர்மை. பேட்ரியான் போன்ற தளங்களில் கட்டணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. அதை எங்கே அழுத்துவது என்று நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஆறு மாதத்துக்கு மேல் வீடியோவோ போஸ்டோ எதுவும் போடாமல் விட்ட சேனலின் வருமான வசதியையே நிறுத்திவிடும் அதிகாரம் தளத்துக்கு உண்டு. அவ்வளவு தூரம் போக விடக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

மூன்று கணக்குகளை எழுதுங்கள்: சொன்னது எத்தனை, போட்டது எத்தனை. நினைத்த மணி எத்தனை, ஆன மணி எத்தனை. கையிருப்பில் இப்போது எத்தனை. லைக்கும் வியூவும் இந்தத் தாளில் வேண்டாம், அவை வேறு கேள்விக்கான பதில்கள்.

ஆன மணி தொடர்ந்து நினைத்ததைத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். முதலில் கை வைக்க வேண்டியது நேரம் அதிகம் தின்னும் பதிவில். வீடியோ ஒன்றைக் குரல்பதிவாக மாற்றினாலே அந்த வித்தியாசம் கையில் நிற்கும். குறைப்பதை ஒரு மாதம் முன்பே சொல்லி, மாதத் தொடக்கத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். ஆண்டுச் சந்தா கட்டியவர் கேட்டால் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மெம்பர்களிடம் ‘இன்னும் என்ன வேண்டும்’ என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள், எல்லாமே வேண்டும் என்றுதான் வரும். எந்தப் பதிவுக்குக் கீழே கேள்வி விழுந்தது, எந்த வீடியோவைக் கடைசி வரை பார்த்தார்கள் என்று பாருங்கள்.

கையிருப்பு இரண்டு காலாண்டு குறையாமல் நின்றிருந்தால் ஒரே ஒரு சிறிய விஷயம் கூட்டலாம், ஒரு குரல்பதிவு போல. அதையும் அறிவிக்காமல் மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். நின்றால் விவரத்தில் எழுதுங்கள். நிற்காவிட்டால் நிறுத்திவிடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.